குழித்த கைக்குள் காற்று

அக்கா,

இன்று காலை அப்பாவின் முதுகில் தட்டினேன். மூன்று வாரமாக அவருக்கு நெஞ்சில் சளி கட்டியிருக்கிறது. மருந்து எழுதிக் கொடுத்த டாக்டர், "காலையிலயும் சாயங்காலமும் முதுகுல தட்டி விடுங்க, சளி இளகும்" என்றார். எப்படித் தட்டுவது என்று காட்டக் கையைத் தூக்கினார். "தெரியும் சார்" என்றேன். ஒரு டாக்டரிடம் நான் அப்படிச் சொன்னது இதுதான் முதல் முறை.

அப்பாவை நாற்காலியில் திருப்பி உட்காரவைத்தேன். சாய்மானத்தில் தலையணையைச் செருகி அவர் நெஞ்சை அதன்மேல் சாய்த்தேன். கையைக் குழித்துத் தட்ட ஆரம்பித்தேன். கொஞ்ச நேரம் போன பிறகுதான் கவனித்தேன், என் கை ஒரே மாதிரி விழவில்லை. ஒரு கனமான தட்டு, அதன் பின்னால் இரண்டு லேசான தட்டு. மறுபடியும் ஒன்று கனமாக, இரண்டு லேசாக.

"இன்னாமா, மோளம் அடிக்கிறியா?" என்றார் அப்பா.

அது பார்லனோ, அக்கா. 'அவர்கள் பேசுகிறார்கள்' என்பதற்கு இத்தாலிய மொழியில் உள்ள சொல். நீங்கள் என் முதுகில் தட்டித் தட்டிப் பழகிய சொல்.

நீங்கள் போய் ஒரு மழைக்காலம் முடிந்து, வெயிலும் முடிந்து, அடுத்த மழை வரப்போகிறது. உங்களிடம் நான் சொல்லாமல் விட்ட ஒரு விஷயம் இருக்கிறது. அதற்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். ஆனால் நேராக அங்கே போக எனக்கு வரவில்லை. உங்களுக்குத் தெரியுமே, கடையில் ஒரு பாக்கெட் தோசை மாவு கேட்கவே நாலு பேர் வாங்கிக்கொண்டு போகும்வரை ஓரமாக நிற்கிறவள் நான்.

பி.ஏ. முடித்ததும் எனக்குக் கிடைத்த முதல் வேலை அடையாறில், ஒரு மருந்துக்கடைக்கு மேல் மாடியில் இருந்த மொழி வகுப்பில். வகுப்பறையின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே ஒரு மேசை எனக்கு. வருகிறவர்களின் பெயரை எழுத வேண்டும், செருப்பை எங்கே விட வேண்டும் என்று சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். அப்பா மந்தைவெளி ஆட்டோ ஸ்டாண்டு முழுக்க, "எம்பொண்ணு ஏசி ரூம்ல வேலை பாக்குது" என்று சொல்லிவைத்திருந்தார். ஏசி கதவுக்கு அந்தப் பக்கம் இருந்தது. அதை நான் அவரிடம் சொல்லவில்லை.

கதவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தபடியே இத்தாலிய மொழியைக் கற்றுக்கொண்டேன். வாயைத் திறக்காதவர்களுக்குக் காது நன்றாக வேலை செய்யும். வகுப்பை நடத்திய மேடம் ஒருநாள் என் மேசையில் இருந்த நோட்டைப் பார்த்துவிட்டு என்னை உள்ளே உட்காரச் சொன்னார். மறு ஆண்டு தேர்வு எழுதித் தேறினேன். இத்தாலிக்குப் போய் வீடுகளில் முதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு ஒரு புது பேட்ச் சேர்ந்தபோது, சனிக்கிழமைகளில் அவர்களுக்கு உச்சரிப்புப் பயிற்சி கொடுக்கும் பொறுப்பை எனக்குத் தந்தார். அந்த பேட்சில் நீங்கள் வந்தீர்கள்.

பதினொரு பேரில் நீங்கள்தான் மூத்தவர். ராயப்பேட்டையிலிருந்து வருவீர்கள். மெரூன் நிறத்தில் பெரிய வட்டப் பொட்டு, கையில் டிபன் டப்பா வைத்த கட்டைப் பை. பதினைந்து வருடமாக வீடு வீடாகப் போய், படுத்த படுக்கையாக இருப்பவர்களைப் பார்த்துக்கொண்டவர். மேடம் ஒவ்வொருவரையும் முன் அனுபவம் கேட்டபோது, "மைலாப்பூர்ல பாதி பெருசுங்க முதுகு எனக்குத் தெரியும் மேடம். மூஞ்சிதான் மறந்துபோச்சு" என்றீர்கள். எல்லோரும் சிரித்தார்கள். நீங்கள் சிரிக்கவில்லை. உண்மையைத்தானே சொன்னீர்கள்.

முதல் சனிக்கிழமை என் குரல் மூன்றாவது வரிசையைத் தாண்டவில்லை. நான் பலகையைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து உங்கள் குரல் வந்தது: "டீச்சரு, கொஞ்சம் சவுண்டு வையி. நாங்க இன்னா உன்ன கடிச்சித் துன்னவா போறோம்?" என்னைவிடப் பதினெட்டு வயது பெரியவர், என்னை முதன்முதலில் டீச்சர் என்று கூப்பிட்டவர் நீங்கள். விளையாட்டாகத்தான் சொன்னீர்கள். ஆனாலும் அன்று பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அந்தச் சொல்லை நாலைந்து தடவை மனத்துக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

அன்றைய பாடம் அழுத்தம். நாம் தமிழில் ஒரு சொல்லின் எல்லா அசைகளையும் கிட்டத்தட்ட ஒரே கனத்தில் சொல்லிக்கொண்டு போகிறோம். இத்தாலியர்கள் ஒவ்வொரு சொல்லிலும் ஏதாவது ஓர் அசையைப் பிடித்து அமுக்குகிறார்கள். வினைச்சொல்லில் அந்த இடம் ஆளுக்கு ஆள் மாறும். 'நான் பேசுகிறேன்' என்றால் பார்-லோ, முதல் அசையில் அழுத்தம். 'நாம் பேசுகிறோம்' என்றால் பார்-லியா-மோ, அழுத்தம் நடுவுக்கு இறங்கிவிடும். 'அவர்கள் பேசுகிறார்கள்' என்று வரும்போது மறுபடி முதலுக்கே போய்விடும்: பார்-ல-னோ. பலகையில் எழுதி, சிவப்பு சாக்பீஸால் கோடு போட்டுக் காட்டினேன். நீங்கள் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "நம்ம ஊர்ல திட்டும்போது மட்டும்தான் இப்படி அமுக்குவோம்" என்றீர்கள். அதைவிடச் சரியான விளக்கத்தை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை உங்கள் நோட்டைப் பார்த்தேன். ஒவ்வொரு சொல்லையும் தமிழ் எழுத்தில் எழுதி, அசை அசையாகச் சாய்கோடு போட்டுப் பிரித்திருந்தீர்கள். அழுத்தம் வரும் அசையின் தலையில் ஒரு ஸ்டிக்கர் பொட்டு. கடுகளவு சிவப்புப் பொட்டுகள். பாண்டி பஜாரில் அட்டை அட்டையாக வாங்கி வந்திருந்தீர்கள்.

"பேனாவுல வெச்சா தப்பாப்போனா அடிக்கணும். இது அப்டி இல்ல பாரு. உரிச்சி எடுத்து நகத்தி வெச்சிக்கலாம்" என்று செய்தும் காட்டினீர்கள். பார் மேலிருந்த பொட்டு உங்கள் நகத்தில் ஒட்டிக்கொண்டு வந்து லியாவின் மேல் உட்கார்ந்தது. அதற்குப் பிறகு எங்கள் வகுப்பில் யாரும் அழுத்தம் என்று சொல்லவில்லை. 'பொட்டு எங்க?' என்றுதான் கேட்டோம். மேடம்கூட ஒருமுறை வாய் தவறிப் பொட்டு என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இன்னொன்றும் நினைவிருக்கிறது. 'காத்திருக்கிறாள்' என்பதை நாம் அஸ்-பெத்-தா என்று பிரிப்போம். அவர்கள் அ-ஸ்பெத்-தா என்று பிரிக்கிறார்கள். ஸ் முன்னால் உள்ள எழுத்தோடு நிற்காமல் பின்னால் உள்ளதோடு போய்விடும். யாருக்கும் அது பிடிபடவில்லை. நீங்கள் உடனே சொன்னீர்கள்: "அது பொறந்த வூட்ல நிக்காது. புகுந்த வூட்டுக்குப் போயிடும். அவ்ளோதான?" அவ்வளவுதான். அந்த பேட்சில் ஒருவரும் அதன் பிறகு அதைத் தவறவிடவில்லை.

ஆனால் உங்களுக்கு ஓர் இடத்தில் மட்டும் நாக்கு மடங்கவே இல்லை. 'அவர்கள்' வருகிற இடம். பார்-ல-னோ என்று சொல்ல வேண்டியதைப் பார்-லா-னோ என்றுதான் சொல்வீர்கள். அ-ஸ்பெத்-த-னோ, 'அவர்கள் காத்திருக்கிறார்கள்', அதில் ஸ்பெத்தின் மேல் இருக்க வேண்டிய கனம் உங்கள் வாயில் அடுத்த அசைக்கு வழுக்கிவிடும். வாய்மொழித் தேர்வில் வினைச்சொற்களைத்தான் கூர்ந்து பார்ப்பார்கள் என்று மேடம் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். உங்களுக்கு முகம் வாடிப்போகும்.

மதியம் மாடிப்படியில் உட்கார்ந்து சாப்பிடுவோம். நீங்கள் மேல் படியில், நான் கீழ்ப் படியில். ஒருநாள் சாப்பிட்டு முடித்து, கை கழுவி, முந்தானையில் துடைத்துவிட்டு, "திரும்பு பாப்பா" என்றீர்கள். திரும்பினேன். என் முதுகில் தட்டினீர்கள். பலமாக ஒன்று. லேசாக இரண்டு. வாய், "பார்-ல-னோ" என்றது. சரியாக.

எனக்கு நம்ப முடியவில்லை. இன்னொன்று கொடுத்துப் பார்த்தேன். 'அவர்கள் தொலைபேசியில் பேசுகிறார்கள்' என்பது ஐந்து அசை: தெ-லெ-ஃபொ-ன-னோ. லேசாக ஒன்று, பலமாக ஒன்று, லேசாக மூன்று. கை முதலில் விழுந்தது, வாய் அதன் பின்னாலேயே போனது. ஒரு தப்பு இல்லை.

"பதினஞ்சு வருசமா தட்டிகினு கீறன். கைக்குத் தெரியும். வாய்க்குத்தான் தெரியாது" என்றீர்கள். சளி கட்டியவர்களுக்குத் தட்டுகிற விதத்தையும் அன்றுதான் சொன்னீர்கள். "வெறும் கையால அடிக்கக் கூடாது. கையக் குழிச்சிக்க. உள்ள காத்து நிக்கணும். காத்துதான் அடிக்கணும், கை அடிக்கக் கூடாது. நடு எலும்புல படக் கூடாது. கீழேர்ந்து மேல போவணும்."

அதன் பிறகு எல்லாச் சனிக்கிழமையும் மாடிப்படியில் என் முதுகுதான் உங்கள் நோட்டு. மருந்து வாங்கிவிட்டுப் போகிறவர்கள் அண்ணாந்து பார்ப்பார்கள். எனக்கு வெட்கமாக இருக்கும். நீங்கள், "புள்ளைக்குப் பொரை ஏறிடுச்சி" என்று அவர்களிடம் சொல்வீர்கள்.

தட்டிக்கொண்டே சொன்னால் எல்லாம் சரியாக வரும். கையைக் கட்டிக்கொண்டு சொன்னால் பழையபடி வழுக்கும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள் அக்கா. நான் வைத்துக்கொள்ளவில்லை.

அந்த அம்மாவின் வீடியோவை மேடம் ஒரு மதியம் போட்டுக் காட்டினார். இத்தாலியில் ஏதோ ஒரு சின்ன ஊரில், பார்த்துக்கொள்ள ஆள் தேவைப்படுகிற வயதான அம்மா. அவருடைய மகள் பேசினாள், அம்மாவுக்கு என்ன தேவை, எப்போது எழுந்திருப்பார், என்ன சாப்பிடுவார் என்று. அம்மா பின்னால் ஒரு நாற்காலியில் நீலக் கம்பளி மூடி உட்கார்ந்திருந்தார். நடுநடுவே இருமினார். வீடியோ முடிந்ததும் என்ன புரிந்தது என்று மேடம் ஒவ்வொருவராகக் கேட்டார். ஒரு பெண் எழுந்து, "தொஸ்ஸிஷ்ஷே. இருமுறாங்கன்னு சொன்னாங்க மேடம்" என்றாள்.

"அத்த ஒருத்தர் சொல்லணுமா? அதான் இருமிகினே கீதே அந்தம்மா" என்றீர்கள். பிறகு உங்கள் முறை வந்தபோது தமிழிலேயே சொன்னீர்கள். "வலது பக்கம் சளி தங்கிக்கீது மேடம். மல்லாக்கப் படுக்க வெச்சா மூச்சு வாங்கும். ரெண்டு தலகாணி வெக்கணும். யாரும் அந்தம்மாவுக்கு முதுகுல தட்டி வுடல போலக்கீது."

"மொழியில என்ன புரிஞ்சதுன்னு கேட்டேன்" என்றார் மேடம். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன்.

அந்த வாரத்திலிருந்து நீங்கள் அவரை 'அந்தம்மா' என்றுதான் சொன்னீர்கள், பக்கத்துத் தெருவில் இருக்கிறவரைச் சொல்வதுபோல. 'அந்தம்மாவுக்கு இப்ப அங்க குளுரா இருக்குமா?' 'அந்தம்மாவாண்ட மூச்சு இழுத்து வுடுங்கன்னு எப்டி சொல்றது?' ரெ-ஸ்பி-ரி என்று சொல்லிக் கொடுத்தேன். பொட்டு நடுவில். நோட்டின் முதல் பக்கத்திலேயே, பெயருக்குக் கீழே, அதை எழுதிக்கொண்டீர்கள்.

இனி சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன்.

ஒரு வியாழக்கிழமை. நீங்கள் யாரும் இல்லை. மேடம் தன் அறையில் போனில் பேசிக்கொண்டிருந்தார். அந்த அம்மாவின் வீட்டுக்கு இந்த பேட்சிலிருந்து யாரைத் தேர்வுக்கு அனுப்புவது என்று அந்தப் பக்கம் கேட்டிருக்கிறார்கள். மேடம் போனைக் கையால் பொத்திக்கொண்டு, திறந்திருந்த கதவு வழியாக உங்கள் பெயரைச் சொல்லி என்னைக் கேட்டார்: "அவங்க ஓரலுக்கு ரெடியா? நீதானே அவங்ககூட உட்கார்ற, நீ சொல்லு."

அக்கா, அதுவரை யாரும் என்னிடம் 'நீ சொல்லு' என்று கேட்டதில்லை. வீட்டில் என் படிப்புக்கு மரியாதை இருந்தது, என் பேச்சுக்கு இருந்ததில்லை. கல்லூரியில் மூன்று வருடம் கையைத் தூக்காமலே கழித்தேன். இப்போது ஒரு பெரிய மனுஷி போனைப் பொத்திக்கொண்டு என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்டிப்பானவள் போலவும், விஷயம் தெரிந்தவள் போலவும் ஒரு பதில் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

"வினைச்சொல்லுல அழுத்தம் இன்னும் நிக்கல மேடம். அடுத்த பேட்ச்ல போனா நல்லாயிருக்கும்" என்றேன்.

என் குரல் நடுங்கவில்லை. மேடம், "குட், இப்படித்தான் நேராச் சொல்லணும்" என்று சொல்லிவிட்டுப் போனுக்குத் திரும்பினார்.

'தட்டிகிட்டே சொன்னா சரியா வருது மேடம்' என்று இன்னொரு வாக்கியம் இருந்தது. மேசைக்கு அடியில் தொடையில் தட்டிக்கொண்டு பேசினால் யாருக்குத் தெரியப்போகிறது? அதை நான் சொல்லவில்லை. மறந்துவிட்டேன் என்று எழுத ஆசைதான். மறக்கவில்லை. மாடிப்படியில் உட்கார்ந்து முதுகில் தட்டிக் கற்றுக்கொடுக்கிறேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. அந்தப் பாராட்டுக்குப் பக்கத்தில் அது பொருந்தாது என்று தோன்றியது. அன்று மதியச் சாப்பாடு எனக்கு ருசியாக இருந்தது. தக்காளி சாதம். அதுகூட நினைவிருக்கிறது.

சனிக்கிழமை மேடம் உங்களை உள்ளே கூப்பிட்டுச் சொன்னார். வீடியோ பார்த்துவிட்டுத் தொஸ்ஸிஷ்ஷே என்று சொன்ன பெண்ணுக்கு அந்த வீடு போனது. நீங்கள் வெளியே வந்து என் மேசைக்கு எதிரே நின்றீர்கள். நான் பதிவேட்டில் எதையோ எழுதுவதுபோல் குனிந்திருந்தேன்.

"அடுத்த பேட்சாம்" என்றீர்கள். "எவளோ நம்மளப் பத்தி நல்லாவே சொல்லிக்கீறா."

நான் நிமிரவில்லை. நீங்கள் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்க வேண்டும். கொஞ்சம் கழித்து, "ஐய, நீ ஏன் மூஞ்ச இப்டி வெச்சிகினு கீற? அதுக்குள்ள நீ கத்துக் குடுத்துர மாட்ட?" என்று என் தோளில் தட்டினீர்கள். தலையாட்டினேன்.

மந்தைவெளி வரைக்கும் ஒரே பஸ்ஸில் நாம் எத்தனை தடவை போயிருப்போம். அந்தப் பயணத்தில் ஒரு நாளாவது சொல்லியிருக்கலாம். இன்று சொல்லலாம் என்று நினைத்து ஏறுவேன். நீங்கள் ஏதாவது ஒரு பெரியவரின் கதையை ஆரம்பிப்பீர்கள், நான் சிரிப்பேன், என் ஸ்டாப் வந்துவிடும். கூச்சம் என்பது நல்ல குணம் என்று எல்லோரும் என்னைச் சொல்கிறார்கள். அமைதியான பெண்ணாம். அந்த அமைதிக்குள் எவ்வளவு கோழைத்தனத்தை ஒளித்துவைக்க முடியும் என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

இரண்டு மாதம் கழித்து அங்கே போன பெண் எனக்குச் செய்தி அனுப்பினாள். அந்த அம்மா விடாமல் இருமுகிறாராம். முதுகில் தட்டச் சொல்லியிருக்கிறார்களாம். தட்டினால் அந்த அம்மா வலிக்கிறது என்று முகத்தைச் சுளிக்கிறாராம். 'அக்காகிட்ட கேட்டுச் சொல்லு' என்று எழுதியிருந்தாள்.

உங்களிடம் அதைக் காட்ட எனக்கு இரண்டு நாள் ஆனது. நீங்கள் படித்துவிட்டுச் சிரித்தீர்கள். "இங்கிலீஷ் கணக்கா இத்தாலி பேசுது, தட்டத் தெரியல பாரு" என்றீர்கள். அதில் கொஞ்சம் குத்தல் இருந்தது, இருக்கட்டுமே. உடனே, "போன எடு, வீடியோ புடி. திரும்பு" என்றீர்கள். படியின் கைப்பிடியில் போனைச் சாய்த்து வைத்துவிட்டு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன்.

அந்த வீடியோ இன்னும் என்னிடம் இருக்கிறது. ஒரு நிமிடம் நாற்பது விநாடி. என் பச்சைச் சுடிதாரின் முதுகும் உங்கள் கையும்தான் தெரிகின்றன. "இப்டிக் குழிச்சிக்கம்மா. காத்துதான் அடிக்கணும். அந்தம்மா பாவம், எலும்பா கீது, நடுவுல படாம தட்டு" என்று அங்கே இருப்பவளிடம் சொல்கிறீர்கள். நடுவில் பழக்க தோஷத்தில் கை பார்லனோ அடிக்கிறது. ஒரு நிமிடம் முடிகிற இடத்தில் உங்கள் கை என் தோள்பட்டையில் நிற்கிறது. "இன்னா பாப்பா, முதுகு இவ்ளோ டைட்டா கீது? யாருக்கு பயந்துகினு கீற?"

பிறகு என் குரல். "ஒண்ணுமில்லக்கா."

"ஒண்ணுமில்லாமயா கல்லு மாதிரி கீது" என்கிறீர்கள். மறுபடி தட்டுகிறீர்கள். அந்த வீடியோவை அப்படியே அங்கே அனுப்பினேன். அந்த அம்மாவுக்கு இப்போது மூச்சு இலகுவாக இருக்கிறது என்று அவள் பதில் எழுதினாள். உங்களிடம் சொன்னபோது, "நல்லா வுடட்டும்" என்று மட்டும் சொன்னீர்கள். உங்கள் கை மட்டும் அந்த ஊருக்குப் போய்விட்டது, அக்கா. என் முதுகின் மேல் ஏறிப் போனது.

மழை ஆரம்பித்த வாரம் உங்களுக்குக் காய்ச்சல். நாலாம் நாள் உங்கள் மகள் போன் செய்தாள். என்னால்தான் நீங்கள் இறந்தீர்கள் என்றெல்லாம் நான் எழுதப்போவதில்லை. காய்ச்சல் எங்கே இருந்தாலும் வரும். என் ஒரு வாக்கியத்துக்கு அவ்வளவு சக்தி இருப்பதாக நினைத்துக்கொண்டால் அதுவும் ஒரு கர்வம்தான். ஆனால் நீங்கள் போகும்போது அடுத்த பேட்சுக்காகக் காத்திருந்தீர்கள். யார் உங்களைக் காக்கவைத்தது என்று தெரியாமலே போனீர்கள். இந்த இரண்டும் உண்மை, இந்த இரண்டையும் என்னால் மாற்ற முடியாது.

பதினாறாம் நாள் ராயப்பேட்டைக்கு வந்தேன். தி. நகரில் ஜவுளிக்கடையில் வேலை செய்யும் உங்கள் மகள், உங்கள் நோட்டை எடுத்து வந்து என் கையில் கொடுத்தாள். "அம்மா உங்களத்தான் டீச்சரு டீச்சருன்னு சொல்லும்கா. உங்களாண்டயே இருக்கட்டும்." அவளிடமாவது அப்போது சொல்லியிருக்கலாம். காபி கொடுத்தாள், குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

நோட்டைத் திறக்க எனக்குப் பல மாதம் ஆனது. திறந்ததற்கு ஒரு கெட்ட காரணமும் உண்டு. கடைசிப் பக்கங்களில் பொட்டுகள் தப்பான இடங்களில் இருந்தால், நான் மேடத்திடம் சொன்னது சரிதான் என்று கொஞ்சம் ஆறுதல் கிடைக்கும் என்று நினைத்தேன். மழை ஈரமோ, நாள்பட்ட பசையோ, திறந்ததும் பொட்டுகள் உதிர்ந்தன. மடியில், பாயில், நோட்டின் நடுத் தையலில் எல்லாம் சிவப்பு சிவப்பாக. முதல் பக்கத்தில் ரெ-ஸ்பி-ரி மேல் ஒன்று மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. மற்ற சொற்கள் எல்லாம் வெறும் நெற்றியோடு இருந்தன. எந்தப் பொட்டு எந்த எழுத்தின் மேல் இருந்தது என்று இனி யாராலும் சொல்ல முடியாது. நீங்கள் ரெடியாக இருந்தீர்களா இல்லையா என்று எனக்குத் தெரியாது. அன்றும் தெரியாது. தெரிந்ததுபோல் சொன்னேன்.

இப்போதும் அதே மாடியில்தான் வேலை. இப்போது கதவுக்கு உள்ளே. போன மாதம் மேடம் ஒரு பையனைப் பற்றி அதே கேள்வியைக் கேட்டார். "அவரையும் கூப்பிடுங்க மேடம், அவர் முன்னாடியே சொல்றேன்" என்றேன். குரல் நன்றாக நடுங்கியது. மேடம் என்னை விநோதமாகப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டார். எங்கே தடுமாறுகிறான், எப்படிச் சொன்னால் சரியாக வருகிறது, இரண்டையும் அவன் முகத்தைப் பார்த்துச் சொன்னேன். அவன் கோபித்துக்கொண்டான். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அவன் பேசாமல் இருந்த அந்த இரண்டு நாளும், நீங்கள் என் தோளில் தட்டிக்கொடுத்ததைவிட எனக்குத் தாங்கிக்கொள்ள எளிதாக இருந்தது.

இன்று காலை அப்பா மோளமா என்று கேட்டாரே, அதற்குப் பதில் சொல்ல ஆரம்பித்தேன். இப்படி ஓர் அக்கா இருந்தார் என்று தொடங்கினேன். அப்பா முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்ததால் அவர் முகம் எனக்குத் தெரியவில்லை. அதனால்தானோ என்னவோ எல்லாம் வந்துவிட்டது. மேடம் கேட்டது, நான் சொன்னது, தக்காளி சாதம், எல்லாம். ஏசி ரூமுக்கு வெளியேதான் அப்போது உட்கார்ந்திருந்தேன் என்பதைக்கூடச் சொல்லிவிட்டேன். முதன்முறையாக ஒருவரிடம் சொல்கிறேன், அக்கா. அதுவும் ஒரு முதுகிடம்.

அப்பா ஒருமுறை இருமித் துண்டில் துப்பினார். பிறகு, "சொல்லிருக்கலாம்மா" என்றார். அவ்வளவுதான். பரவாயில்லை என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை.

"அவங்க பொண்ணு கீதுல்ல?"

"இருக்குப்பா."

"அதாண்ட போய் சொல்லு. திட்டுனா வாங்கிக்க."

ஞாயிற்றுக்கிழமை அவளுக்குக் கடை மதியத்துக்கு மேல்தான். காலையில் ராயப்பேட்டைக்குப் போகிறேன். பேச வராது என்று தெரியும், அதனால் இந்த மடலை எடுத்துப் போகிறேன். அவள் படித்து முடிக்கும்வரை எதிரே உட்கார்ந்திருப்பேன். பதிவேட்டைப் பார்த்துக் குனிய மாட்டேன்.

காலையில் அப்பா அதைச் சொன்னதும் நான் தட்டுவதை விட்டுவிட்டு யோசித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். அப்பா தலையைத் திருப்பாமலே, "ஏன் நிறுத்திட்ட? தட்டு" என்றார்.

கையைக் குழித்தேன். உள்ளே காற்று நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டேன். பலமாக ஒன்று, லேசாக இரண்டு.